உயிர்களின் வாழ்வில் சவ்வூடு பரவல்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

சவ்வூடு பரவல் என்றால் என்ன? இக்கேள்வியை எங்கள் வகுப்பில் யாரிடம் கேட்டாலும், ‘செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு, அரைகடத்து சவ்வின் வழியாக நீர் மூலக்கூறுகள் செல்லும் நிகழ்ச்சி’ என்று மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவோம். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண். படமும் கேட்டால் ஐந்து. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதே எங்கள் வழக்கமாக இருந்தது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான், இந்த இரண்டு மதிப்பெண் விடையில் ஒரு குழந்தையின் உயிரே அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தோம். அதனை அவளுடைய சம்மதத்தோடு இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுகிறோம். அது புரிய வேண்டுமானால் முதலில் உருளைக்கிழங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டர், ஒரு பெரிய உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் கிண்ணம்போல் குழி தோண்டச் சொன்னார்கள். குழியில் பாதியளவு கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஊற்றினோம். கரைசலின் மட்டம் எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு குண்டூசியைக் குத்தினோம். பிறகு கிழங்கை நீர் நிறைந்த தட்டில் வைத்துவிட்டுக் கணக்கு வகுப்புக்குச் சென்றோம். மதிய உணவுக்குப் பின் வந்து பார்த்தால் குண்டூசி கரைசலுக்குள் மூழ்கியிருந்தது! மேலிருந்து யாரும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. தட்டிலிருந்த நீரே கிழங்கின் செல்களைக் கடந்து சர்க்கரை இருந்த குழிக்குள் ஏறியிருக்கிறது.

எங்களில் ஒருத்தி, வேகவைத்த கிழங்கிலும் இதைச் செய்து பார்ப்போமே என்றாள். மறுநாள் செய்தோம். மட்டம் உயரவில்லை. ஏனெனில் வெந்த கிழங்கின் சவ்வுகள் சிதைந்துவிட்டன. சர்க்கரையும் நீரும் தத்தம் விருப்பப்படி போய் வரத் தொடங்கிவிட்டன. புத்தகத்தில் உள்ள சோதனையைவிட அவள் கேட்ட சோதனையே எங்களுக்கு அதிகம் கற்பித்தது என்று சிஸ்டர் பாராட்டினார்கள். உயிருள்ள செல்லின் சவ்வு வெறும் துணியன்று. அது வாயிற்காவலர் நிற்கும் வீட்டைப் போன்றது. நீரை விடும், சர்க்கரையையும் உப்பையும் கேட்காமல் உள்ளே விடாது.

நீர் ஏன் சர்க்கரையைத் தேடிப் போகிறது? உண்மையில் அது ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. சவ்வின் இருபுறமிருந்தும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் போய் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் சர்க்கரை கரைந்திருக்கும் பக்கத்திலிருந்து புறப்படும் மூலக்கூறுகள் குறைவு. தூய நீர்ப் பக்கத்திலிருந்து வருபவை அதிகம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சர்க்கரையின் பக்கம் நீர் கூடுகிறது. உப்பானாலும் சர்க்கரையானாலும் நீருக்கு வேற்றுமையில்லை; எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே கணக்கு.

இதனை முதன்முதலில் கவனித்து எழுதியவர் அபே நொலே என்னும் பிரெஞ்சுக்காரர். திருச்சபைப் பணியில் இருந்துகொண்டே விஞ்ஞானம் பயின்றவர் அவர். 1748ஆம் ஆண்டில் சாராயம் நிறைந்த ஒரு சிறு குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி நீரில் வைத்தார். சில மணி நேரத்தில் தோல் உப்பிப் பெருத்துவிட்டது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீறிட்டுப் பாய்ந்தது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டவரான டூட்ரோஷே இதற்குப் பெயரிட்டு, உயிர்களின் உடலில் இது இடையறாது நடக்கிறது என்று எடுத்துரைத்தார். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெஃபர் 1877ஆம் ஆண்டில் இதன் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார். நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே சர்க்கரை உள்ள கரைசல் சுமார் 53 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தியதாம். நீராகக் கணக்கிட்டால் அது 7 மீட்டர் உயரத் தூண்! நமது பள்ளியின் இரண்டாவது மாடி வரை தண்ணீரை ஏற்றும் வலிமை ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

செல்லின் சவ்வில் நீர் செல்வதற்கென்றே தனி வாயில்கள் உண்டு என்பது அண்மைக் காலத்தில் தெரிந்த உண்மை. அக்வாபோரின் எனப்படும் இப்புரதத்தை 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்த அமெரிக்கரான பீட்டர் ஆக்ரேக்கு 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இனி இது நம் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. அவற்றின் உள்ளும் புறமும் கரைந்துள்ள பொருள்களின் செறிவு சமமாக இருக்கும்வரை அவை நலமாக இருக்கும். ஒரு துளி இரத்தத்தைத் தூய நீரில் இட்டால் நீர் உட்புகுந்து அணுக்கள் பலூன்போல் வீங்கி வெடித்துவிடும். கெட்டியான உப்பு நீரில் இட்டாலோ உள்ளிருக்கும் நீரை இழந்து உலர்ந்த திராட்சைபோல் சுருங்கிவிடும். ஆகையால்தான் மருத்துவமனையில் நோயாளியின் இரத்தக் குழாயில் வெறும் தண்ணீரை ஏற்றுவதில்லை. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரையோ அதற்கு இணையான வேறொன்றையோதான் ஏற்றுகிறார்கள். ‘குளுக்கோஸ் ஏற்றினார்கள்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாட்டில்களை அடுத்த முறை பார்த்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

தாவரங்களுக்கு இப்படி வெடித்துப்போகும் அச்சம் இல்லை. அவற்றின் செல்லைச் சுற்றி உறுதியான சுவர் இருக்கிறது. நீர் உட்புகப் புகச் செல் சுவரை அழுத்தி விறைப்பாகிறது. கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பதும், வாடிய கறிவேப்பிலை நீரில் போட்டால் தலைதூக்குவதும் இதனால்தான். எலும்பில்லாத பூஞ்செடிக்கு நீரே எலும்பு. இலைத்துளைகளைக் காக்கும் இரு காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும்போது நீரும் பின்தொடர்கிறது. அவை விறைத்து வளைய, இடையே துளை திறக்கிறது. நீரை இழந்தால் துளை மூடிக்கொள்கிறது. தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்பு அடியிலுள்ள செல்கள் நீரைச் சட்டென்று இழப்பதால்தான் அது நாணிக் குனிகிறது.

மண்ணிலுள்ள நீர் வேருக்குள் போவதும் சவ்வூடு பரவலால்தான். வேர்த்தூவியின் உட்புறத்துச் சாறு மண் நீரைவிடச் செறிவானது. அதனால் நீர் உள்ளே நுழைகிறது. (அந்த நீர் தென்னையின் உச்சிவரை ஏறுவதும் இதனாலேயே என்று நாங்கள் ஒரு தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தோம். உச்சிக்கு இழுப்பது பெரும்பாலும் இலைகளின் நீராவிப்போக்கு.) மண் நீரின் செறிவு சாற்றின் செறிவை மிஞ்சிவிட்டால் என்ன ஆகும்? நீர் நுழையாது, வேரிலிருந்தே நீர் வெளியேறும். பள்ளித் தோட்டத்துக் கத்தரிக்குச் சீக்கிரம் காய்க்கட்டும் என்று யூரியாவைக் கை நிறைய அள்ளிப் போட்டு, இரண்டே நாளில் செடியைக் கருகவிட்ட பெருமை எங்கள் பிரிவையே சேரும். ஈரமான மண்ணில் நின்றுகொண்டே அச்செடி தாகத்தால் மாண்டது.

இதே கொடுமை மிகப் பெரிய அளவில் நம் கடலோரத்தில் நடந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்து வயல்களுக்குள் கடல் நீரைக் கொண்டுவந்து விட்டது. அப்போது நாங்கள் பிறக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் தாத்தா அப்பகுதி விவசாயி. அலை வடிந்த பின்னும் வயலில் ஈரம் இருந்ததாம், பயிரோ வைக்கோலாகிவிட்டதாம். ‘தண்ணீர் இருந்தும் நாற்று குடிக்கவில்லை’ என்று அவர் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பின்னர் மழை நீரை வயலில் தேக்கித் தேக்கி வடித்து, உப்பைக் கழுவிய பிறகே மண் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே கடலோரத்தில், பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் அலையாத்தி மரங்கள் உப்பு நீரிலேயே நின்று தழைக்கின்றன. சில வகைகள் உப்பை வேரிலேயே தடுத்துவிடுகின்றன. வெண்கண்டல் போன்றவை உள்ளே வந்த உப்பை இலையின் வழியாக வெளியேற்றுகின்றன. அதன் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

கடலைச் சொல்லிவிட்டு மீனை விட்டுவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். கடலில் இருக்கும் மீனுக்குத் தாகம் எடுக்குமா? எடுக்கும்! சீலா, விளைமீன் போன்றவற்றின் இரத்தம் கடல் நீரைவிடச் செறிவு குறைந்தது. ஆதலால் அவற்றின் உடலிலிருந்து செவுள் வழியே நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய அவை கடல் நீரையே குடித்து, மிகுந்த உப்பைச் செவுளின் வழியே வெளியே தள்ளுகின்றன. குளத்துக் கெண்டைக்கோ நேர்மாறான தொல்லை. நீர் தானாகவே உடலுக்குள் புகுந்துகொண்டிருக்கும். அது நீர் குடிப்பது அரிது. உட்புகுந்த நீரைச் சிறுநீராக ஓயாமல் வெளியேற்ற வேண்டும். ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குச் செல்லும் விலாங்கு இரண்டு வித்தையும் கற்றிருக்கிறது.

சுறா இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அது தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிவைத்து, தன் உடற்செறிவைக் கடல் நீருக்குச் சற்றே அதிகமாக வைத்துக்கொள்கிறது. ஆகவே அதற்கு நீர் குடிக்கும் கவலை இல்லை. சுறா பழையதானால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வருகிறதே, அது இந்த யூரியா சிதைந்து அம்மோனியா ஆவதால் வருவது. சுறாப்புட்டுக்குப் புதிய மீனாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று எங்கள் அம்மாமார் சொல்வதில் இவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது.

அம்மாமாரின் விஞ்ஞானத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாங்காய்த் துண்டங்களில் உப்பைத் தூவி ஜாடியில் மூடிவைத்தால் மறுநாள் துண்டங்கள் நீரில் மிதக்கின்றன. அந்த நீர் மாங்காயின் செல்களிலிருந்து வந்தது. மீனைக் கீறி உப்பிட்டு அடுக்கினாலும் அப்படியே நீர் வடிகிறது. அத்தோடு நில்லாமல், மீனைக் கெடுக்க வரும் நுண்ணுயிர்களின் உடலிலிருந்தும் உப்பு நீரை இழுத்துவிடுகிறது. அவை பெருக முடியாமல் போகின்றன. கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதன் இரகசியம் இதுவே. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே நம் கடற்கரைப் பெண்கள் இதைச் செய்துவந்தார்கள்.

நீண்ட நேரம் துணி துவைத்தால் விரல் நுனி சுருங்குகிறதே, அதுவும் சவ்வூடு பரவல்தானே என்று கேட்டோம். இல்லை என்றார்கள் சிஸ்டர். விரலுக்குச் செல்லும் நரம்பு அறுபட்டவருக்கு, எவ்வளவு நேரம் நீரில் வைத்தாலும் அவ்விரல் அப்படிச் சுருங்குவதில்லையாம். அது நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நேர்வது. எல்லாவற்றுக்கும் ஒரே விடையை எழுதக் கூடாது என்பதற்காக இதையும் சேர்த்திருக்கிறோம்.

தூத்துக்குடி வட்டாரத்தில் உப்பளத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கடலில் தத்தளிப்பவர் தாகம் தாங்காமல் அதைக் குடித்தால் என்ன? நம் சிறுநீரகம் அவ்வளவு உப்பான சிறுநீரை உண்டாக்க இயலாது. குடித்த உப்பை வெளியேற்ற, குடித்த நீரையும் செலவிட்டு, உடலில் முன்பிருந்த நீரையும் செலவிட வேண்டிவரும். குடிக்கக் குடிக்கத் தாகம் பெருகும். மற்றபடி சிறுநீரகம் மிகச் சிக்கனமான உறுப்பு. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தவிர மீதி அனைத்தையும் திரும்ப இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. அப்படித் திரும்புவது சவ்வூடு பரவலால்தான். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அச்சர்க்கரை நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அடங்காத தாகமும் அதனாலேயே வருகின்றன. வீட்டில் பெரியவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்டும்படி சொல்லுங்கள்.

உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்கள் வியர்வையாக நீரை மட்டுமன்றி உப்பையும் இழக்கிறார்கள். அவர்கள் உப்பே இல்லாத வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தின் செறிவு குறைந்து, நீர் மூளையின் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கவும் கூடும். தலைவலி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய் விடும். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா அளத்து வேலைக்குப் போகும்போது தூக்குச்சட்டியில் உப்பிட்ட நீராகாரமும் மோரும் கொண்டுபோவார்கள். அவர்களுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

இப்போது நாங்கள் சொல்வதாக வாக்களித்த நிகழ்ச்சிக்கு வருகிறோம்.

தோழியின் தம்பிக்கு அப்போது வயது இரண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை முதல் வயிற்றுப்போக்கு. தந்தை கடலுக்குப் போயிருந்தார். தாயார் முந்தின நாள் உறவினர் வீட்டுக்குச் சென்றவர் திரும்பவில்லை. வீட்டில் இருந்தது ஆச்சி மட்டுமே. குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. ஆச்சியோ, ‘தண்ணி குடுக்காதட்டி! குடிக்கக் குடிக்கப் போய்க்கிட்டே இருக்கும்’ என்று தடுத்துவிட்டார்கள். ஆச்சியின் அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் நண்பகலுக்குள் குழந்தையின் கண்கள் உள்வாங்கிவிட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை.

பள்ளியிலிருந்து மதியம் வந்த தோழி, கடைக்கு ஓடி ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். அதை வாங்கத் தெரிந்ததே அவளது நல்லறிவு. ஆனால் ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டிய அந்த முழுப் பொட்டலத்தையும் ஒரே தம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிவிட்டாள். ‘கெட்டியாக இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்தேன்’ என்று பின்னர் எங்களிடம் அழுதாள். குழந்தை இரண்டு மூன்று வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தது. தாகம் இன்னும் அதிகமாயிற்று. நல்ல வேளையாக அடுத்த தெருவிலிருந்த நர்ஸ் அக்கா செய்தி கேட்டு வந்தார். தம்ளரைப் பார்த்ததும் அதை அப்படியே வாசலில் கொட்டினார். வேறொரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்த நீரில் கலந்து, தேக்கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகப் புகட்டச் செய்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் தோழி புகட்டிக்கொண்டே போனாள். மாலையில் குழந்தை சிறுநீர் கழித்தது. ‘இனிப் பயமில்லை’ என்று அங்கே சொன்னார்களாம்.

அந்தத் தம்ளரில் என்ன இருந்தது என்று நாங்கள் சிஸ்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு ஆக 20.5 கிராம் உள்ளது. இப்படிக் கலந்தால் அதன் செறிவு இரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவு. அதனால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் செல்லும். அதையே 200 மில்லிலிட்டர் தம்ளரில் கலந்தால் ஐந்து மடங்கு செறிவு. கரைந்த துகள்களின் எண்ணிக்கையில் பார்த்தால் அது கடல் நீரையே மிஞ்சிவிடுகிறது! குடலுக்குள் அத்தகைய கரைசல் போனால், உருளைக்கிழங்கின் குழிக்குள் நீர் ஏறியதுபோல் உடலின் நீர் குடலுக்குள் இறங்கும். வற்றிக் கிடக்கும் குழந்தை இன்னும் வற்றும். தோழி சவ்வூடு பரவலில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். அதைச் சொல்லித்தான் அவள் அதிகம் அழுதாள்.

வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் நடப்பது என்ன என்பதை நம் நாட்டவரே கண்டறிந்தார்கள். காலராக் கிருமி ஒரு நச்சுப் பொருளைச் சுரக்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்பவர் 1959ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். அந்த நஞ்சு பட்டதும் குடற்சுவரின் செல்கள் உப்பைக் குடலுக்குள் கொட்டத் தொடங்கும். உப்பு போகுமிடத்துக்கு நீரும் போகும். ஒரே நாளில் லிட்டர் கணக்கில் போய்விடும். வெறும் உப்பு நீரைக் குடித்தால் அது போதிய அளவு உட்கிரகிக்கப்படுவதில்லை. ஆனால் குடற்சுவரில் இன்னொரு வாயில் உண்டு. அது சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும். தனித்தனியே வந்தால் திறக்காது. இதனை 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி எடுத்துரைத்தார். காலரா இந்த வாயிலைக் கெடுப்பதில்லை. ஆகவே சிறிது உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் அவ்விரண்டும் கைகோத்து உள்ளே போகும். நீர் அவற்றைப் பின்தொடரும். உடலை வற்றவைத்த அதே சவ்வூடு பரவல், இப்போது எதிர்த்திசையில் உடலை நனைக்கிறது.

1971ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். போங்காவ் என்னும் எல்லையோர ஊரின் மருத்துவமனையில் தரையெல்லாம் காலரா நோயாளிகள். ஊசி வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலங்களாகக் கட்டச் செய்து, பீப்பாய்களில் நீர் நிரப்பிக் கலந்து, குழாய் பொருத்தி வைத்தார். நோயாளியின் தாயும் அண்ணனும் தங்கையும் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவர் பொறுப்பில் இருந்தவர்களில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது. எங்கள் தோழி தன் அறிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

வீட்டில் குடிநீரைத் தூய்மையாக்கும் ‘ஆர்.ஓ.’ இயந்திரமும் சவ்வூடு பரவல்தான். ஆனால் திருப்பிப் போட்டது. உப்பு நீரின் மீது அழுத்தம் கொடுத்து நீரை மட்டும் மறுபக்கம் தள்ளுவது. இதற்கேற்ற சவ்வை 1960ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவிலிருந்து சென்ற சௌரிராஜன். இயந்திரத்தைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும். ஆகவே இத்தோடு விடுகிறோம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்காக நர்ஸ் அக்கா கூறியவற்றை எழுதுகிறோம். பொடிப் பொட்டலத்தின் மேல் எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் உண்டு. ஒரு தம்ளருக்கான, அதாவது 200 மில்லிலிட்டருக்கான சிறியதும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் படித்துப் பார்த்தே கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கலக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நாக்கில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. கடையில் விற்கும் இனிப்பான குளிர்பானங்களில் சர்க்கரை மிகுதி. அவையும் குடலுக்குள் நீரை இழுக்கும் என்பதால் கொடுக்கலாகாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, கண்ணீர் வற்றினாலோ, பல மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ கரைசலைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தோழியின் வீட்டில் இப்போது ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தனியாக இருக்கிறது. கட்டியவர்கள் ஆச்சி. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிறு போனபோது அந்தப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முதலில் போனவர்களும் அவர்களே. மீந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று நர்ஸ் அக்கா சொல்லியிருந்ததால், மறுநாள் காலை மீதியை முருங்கை மரத்தடியில் ஊற்றினார்களாம். ‘மரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?’ என்று தோழியிடம் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு குறைந்த உப்புக்கு ஒன்றும் ஆகாது, ஆச்சி என்றாளாம் அவள்.